வெயிலுக்குத் தாங்கும் பூச்சிவிரட்டிச் செடிகள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கொடிமுல்லை
எல்லாரும் சிபாரிசு பண்ற எலுமிச்சைப்புல்தான் எங்க மாடியிலயும். உச்சி வெயில்ல மத்த தொட்டியெல்லாம் துவண்டு கிடக்கும், இது மட்டும் விறைப்பா நிக்கும். ஆனா கொசு? புதருக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்தாலும் கணுக்காலைப் பதம் பாத்துடும். ஒருநாள் பொழுது சாயற நேரம், காய்ஞ்ச தாளை நறுக்கலாம்னு கத்திரியோட குனிஞ்சேன். பச்சைத் தாளும் சேந்து நசுங்கி வாசனை குப்புன்னு ஏறுச்சு. காதோரம் விடாம கேட்டுக்கிட்டிருந்த ரீங்காரம் சட்டுனு நின்னுபோச்சு. வாசனை இறங்கினதும் திரும்ப வந்துடுச்சுங்க. நடுவுல கிடைச்ச அந்தக் கொஞ்ச நேரம்தான் மனசுலயே நிக்குது. வேற செடி வச்சவங்களுக்கு இப்படி ஆகியிருக்கா?

தொட்டிமண்
உங்க செடி நல்லாத்தாங்க இருக்கு. எண்ணெய் இலைக்குள்ள அடைஞ்சு கிடக்கு, கசக்கினாத்தான் காத்துல கலக்கும். சும்மா நிக்கிற செடிக்கிட்ட அதை எதிர்பாக்க முடியாது.

கொசுவிரட்டிச் செடின்னு சொல்லி விக்கிற ஜெரேனியம் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. தண்ணி ஊத்தும்போது பாக்கிறேன், அதோட இலை மேலயே ஒரு கொசு. பின்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு நிம்மதியா உக்காந்திருக்கு. கால்ல இருந்த வெள்ளை வளையம்கூட தெளிவா தெரிஞ்சுது. 1996லயே இந்தச் செடியைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. பக்கத்துல வச்சிருந்தவங்களுக்கும் கடி குறையல, கொசு அந்தச் செடியிலயே உக்காந்து ஓய்வெடுத்திருக்கு. இது தெரிஞ்சும் அதே பேர்ல இன்னும் விக்கிறாங்களேன்னுதான் எனக்கு ஆத்தாமை.

வேர்ப்பிடி
தொட்டிமண் சார், அதுக்காக எந்தச் செடியும் உதவாதுன்னு முடிவு கட்டிடாதீங்க. பூச்சின்னா கொசு மட்டும்தானா?

எங்க தக்காளி தண்ணி ஊத்த ஊத்த வாடிக்கிட்டே இருந்துச்சு. வெயில்தான் காரணம்னு எல்லாரும் சொன்னாங்க. பிடுங்கிப் பாத்தா வேர் முழுக்க முடிச்சு முடிச்சா வீங்கியிருக்கு, மண்ணுக்குள்ள இருந்து வேரைத் தாக்குற நூற்புழு வேலை. அடுத்த பாத்தியில முந்தின பருவம் செண்டுமல்லி அடர்த்தியா நின்ன இடம். அங்க பிடுங்கின தக்காளி வேர் சுத்தமா, வெள்ளையா வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்.

செண்டுமல்லி வேர்ல இருக்கிற ஒரு வேதிப்பொருள் நூற்புழுவைக் கொல்லும். ஆனா ஓரத்துல ரெண்டு செடி அழகுக்கு நட்டா பலன் இல்ல. பாத்தி நிறைய நெருக்கமா நட்டு, ரெண்டு மாசமாவது வளரவிட்டு, அப்புறம்தான் காய்ச்செடிக்கு வரணும். குட்டையா வளர்ற ரகம் நல்லது.

நிழல்வலை
வேர்ப்பிடி சொல்றது வேருக்குச் சரி. மேல என்ன நடக்குதுன்னும் பாருங்க. கோடையில எங்க செண்டுமல்லி இலை வெளுத்து, சாம்பல் தூவின மாதிரி ஆயிடுச்சு. இலையைத் திருப்பி பூதக்கண்ணாடி வச்சா மெல்லிசா வலை, அதுல செம்புள்ளிகள் ஓடிக்கிட்டு இருக்கு. சிலந்திப்பேன். வறண்ட வெயில்னா அதுக்குக் கொண்டாட்டம். அங்கேருந்து கத்தரிக்கும் போயிடுச்சு. விரட்டும்னு நட்ட செடியே கூப்பிட்டு வச்ச மாதிரி ஆச்சு.

அதனால எந்தச் செடி வச்சாலும் காலையில இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி தண்ணியைப் பீய்ச்சி அடிங்க. வேப்பெண்ணெய்க் கரைசல்னா வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். சுடுற இலையில எண்ணெய் பட்டா கருகிடும், பூவுக்கு வர்ற தேனீக்கும் சாயங்காலம் அடிக்கிறதுதான் நல்லது.

கொசு பத்தி யாரும் கேக்கவேண்டியதைக் கேக்கல. தொட்டிக்கு அடியில தட்டு வச்சிருக்கீங்களா? அதுல தேங்குற தண்ணி போதும், வெயில் காலத்துல ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவா பறந்துடும். தண்ணியைக் கொட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. வெள்ளை வளையக் கொசுவோட முட்டை தட்டோட விளிம்புல ஒட்டிக்கிட்டு, ஈரம் இல்லாமயே மாசக்கணக்குல கிடக்கும். மறுபடி தண்ணி பட்டதும் பொரியும். வாரம் ஒரு தடவை தட்டை நார் போட்டுத் தேய்ங்க, இல்ல மணலை நிரப்பிடுங்க. இதைச் செய்யாம வாசனைச் செடி எத்தனை வச்சாலும் வீண்தான்.

கொடிமுல்லை
தட்டு இல்லைங்க, எல்லாம் செங்கல் மேல நிக்குது. நான் கேட்டது செடியோட வாசனை பத்தி.

பசுந்தளிர்
எனக்குக் கற்பூரவல்லி. தடிச்ச இலையிலயே தண்ணியைச் சேத்து வச்சுக்கும், ரெண்டு நாள் மறந்தாலும் சாகாது. பக்கத்துல வச்ச ரோஸ்மேரி வெயிலைத் தாங்கிடுச்சு, கூடவே வந்த புழுக்கமும் ஈர மண்ணும்தான் வேரை அழுகவச்சது. வெயிலைத் தாங்கும்னு யாராவது சொன்னா, வறண்ட வெயிலா புழுக்கமான வெயிலான்னு கேட்டுக்கோங்க.

கொடிமுல்லை அக்கா, உங்களுக்கு ஆனது எனக்கும் ஆகியிருக்கு. கற்பூரவல்லி இலையைக் கையில கசக்கித் தேய்ச்சுக்கிட்டு களை எடுத்தேன். கை பக்கம் ஒண்ணும் வரல, தேய்க்காத கழுத்துலதான் கடி.