மறு: மெற்றலோதயோனீன், தமிழில்?

> "உலோகப் பிணைப்புப் புரதம்" போதாதா ஐயா? கேட்டவுடன் விளங்குகிறதே.

மெற்றலோதயோனீன் என்ற புரதத்துக்குத் தமிழ்ப் பெயராக அதை வைத்தால் விளங்கும். ஆனால் எந்தப் புரதம் என்றுதான் தெரியாது. இரும்பைச் சுமக்கும் திரான்ஸ்பெரினும் உலோகம் பிணைக்கிற புரதம்தானே. நாம் தேடுவது 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கட்மியம் என்ற உலோகத்தோடு அகப்பட்ட ஒன்றை. முலையூட்டிகளில் அதற்கு அறுபது சொச்சம் அமினோவமிலங்கள், அதில் 20 சிஸ்ரீன் என்ற, கந்தகம் உள்ள அமினோவமிலம். அந்த இருபதின் கந்தகமும் சேர்ந்து ஏழு நாக (zinc) அயன்களைப் பிடித்து வைக்கிறது. கந்தகத்தை விட்டுவிட்டு இதற்குப் பெயர் வைப்பது எப்படி?

நான் இலங்கையின் தேயிலை மலைநாட்டில், ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் புரதத்தின் பரம்பரை அலகை (gene) பற்றீரியாவில் வெளிப்படுத்துவதை விளக்கும்போதுதான் இடறினேன். நடுவில் உள்ள வேண்டாத துண்டுகளை வெட்ட பற்றீரியாவுக்குத் தெரியாது, ஆகவே தூது ஆர்.என்.ஏ.யைப் பார்த்து எடுத்த பிரதியைப் போடுகிறோம். அதுவரை சரி. புரதம் உண்டான பிறகு, உலோகம் ஏறாமல் வெறுமையாக இருப்பதைப் பற்றீரியாவின் நொதியங்கள் சீக்கிரம் சிதைத்துவிடும். வளர்ப்பு ஊடகத்தில் நாகமோ கட்மியமோ இருந்தால் தாக்குப்பிடிக்கும். இதைச் சொல்ல, "உலோகம் பிணைக்காத உலோகப் பிணைப்புப் புரதம்" என்று பலகையில் எழுதினேன். பின்வரிசையில் சிரிப்பு. நியாயம்தானே!

ஆகவே என் முன்மொழிவு: வெறும் புரதம் கந்தகி, உலோகம் ஏறியது உலோகக்கந்தகி. உயிர், உயிரி என்பது போல. தயோனீன், மெற்றலோதயோனீன் என்ற இரட்டையும் அப்படியே கிடைக்கிறது. செப்பு ஏறினால் செப்புக்கந்தகி. நாகக்கந்தகி மட்டும் ஏதோ பாம்புக் கதையில் வரும் இளவரசி மாதிரி ஒலிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுவத்தை (yeast) விளக்கும்போதும் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். மதுவத்துக்குச் சொந்தமாகவே ஒரு செப்புக்கந்தகி உண்டு. அந்தப் பரம்பரை அலகை நீக்கினால் கொஞ்சம் செப்பையும் தாங்காது. அந்த இடத்தில் குரங்கின் கந்தகியைக் கொடுத்தபோது செப்பைத் தாங்கியது என்று 1986இல் காட்டினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் 1946இல் இங்கே வந்ததிலிருந்து செப்பு மருந்து அடித்துத்தான் அந்தப் பங்கசை (பூஞ்சையை) அடக்கி வந்தார்கள். மதுவமும் பங்கசுதான். "சேர், அப்போ கொப்புள நோய்ப் பங்கசுக்குக் குரங்கின் கந்தகியைக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாதா?" என்று ஒருத்தி கேட்டாள். கேள்வியில் சொல் தானாகவே வந்து விழுந்ததைக் கவனித்தீர்களா?

> கந்தகம் உள்ள புரதம் எல்லாமே கந்தகிதானே?

கிரேக்க வேரான "தயோ"வும் கந்தகம் என்று மட்டும்தான் சொல்கிறது ஐயா. அங்கே ஒருவரும் குழம்பவில்லை.

> சரி, கந்தகிக்குச் சம்மதம். ஆனால் சென்னையில் நாங்கள் துத்தநாகக்கந்தகி என்றுதான் எழுதுவோம். இளவரசி உங்களுக்கே இருக்கட்டும்.