வீட்டில சேர்விஸ் செய்தபிறகு பைக் இழுக்குதில்ல. அவசரம், ஆராவது சொல்லுங்கோ

கடற்காத்து · சனி, மாலை 6.12
வணக்கம் அண்ணாமார். இண்டைக்குத்தான் முதல்தரம் வீட்டில நானே சேர்விஸ் செய்தனான். ஒயில் மாத்தி, செயினைக் கழுவி இறுக்கி, எயார் பில்டரையும் ஊதி விட்டனான். காலமை வரைக்கும் நல்லா ஓடின பைக், இப்ப இழுக்குதே இல்ல. திருகோணமலை உவர்மலை ஏத்தத்தில ரெண்டாம் கியருக்குப் போட்டுத்தான் ஏறினது. பைக் கொம்பனி வேர்க்ஷொப்புக்கு கோல் எடுத்தன். "நீங்கள் கை வச்ச பைக், எஞ்சினைக் கழட்டித்தான் பாக்க வேணும், கொண்டுவந்து விட்டிட்டுப் போங்கோ" எண்டு சொல்லினம். எனக்கு திங்கள் காலமை கந்தளாய்க்கு வேலைக்குப் போயே ஆக வேணும். உடன சொல்லுங்கோ.

ஸ்பானர்12 · மாலை 6.20
என்ன பைக் தம்பி? எத்தினையாம் ஆண்டு, எத்தினை கிலோமீற்றர் ஓடினது? என்ன ஒயில், எவ்வளவு விட்டனீங்கள்? இதில ஒண்டையும் எழுதேல்லையே.

நிலாவெளி_ரோட் · மாலை 6.31
காபரேட்டர்தான், வேற ஒண்டும் இல்ல. எயார் பில்டரை ஊதேக்க தூசி உள்ளுக்குப் போய் ஜெற், அதுதான் பெற்றோல் வாற சின்ன ஓட்டை, அடைச்சிருக்கும். எனக்கு இதே மாதிரி வந்தது. காபரேட்டரைக் கழட்டி பெற்றோலில கழுவிப் பூட்டுங்கோ, அரை மணித்தியால வேலை.

கிண்ணியா_நானா · மாலை 6.44
அவர் என்ன பைக் என்டே இன்னும் சொல்லல்ல, அதுக்குள்ள காபரேட்டரக் கழட்டச் சொல்றீங்க. முதல்தரம் ஸ்பானர் புடிச்ச புள்ள. இன்னொரு சாமானக் கழட்டினா எது கோளாறு என்டு பிறகு யாருக்கும் தெரியாமப் போயிடும். தம்பி, ஸ்பானர்12 கேட்டதுக்கு முதல்ல பதில் போடுங்க.

கடற்காத்து · இரவு 7.15
சொறி, பல்சர் 150. 2014. ஒயில் ஒரு போத்தல் முழுக்க விட்டன், ஒரு லீற்றர். கடைக்காரர் இது நல்லது எண்டு தந்தவர். எஞ்சின் சத்தம் போடுது, வேகம் வருகுதில்ல.

முறுக்குவிசை · இரவு 7.38
ஒவ்வொரு மாதமும் இங்கே இதே கதைதான். ஸ்பானர் பெட்டி வாங்கிய அன்றைக்கே ஒருவர் மெக்கானிக் ஆகிவிட முடியாது. நான் 20 வருடமாக என் பைக்கை நானே பார்க்கிறேன். முதல் ஒரு வருடம் சேர்விஸ் புத்தகத்தை மட்டும்தான் வாசித்தேன்.

"கடைக்காரர் நல்லது என்று தந்தார்" என்கிற ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. காரில் கிளச் தட்டு எஞ்சின் ஒயில் படாமல் காய்ந்த இடத்தில் இருக்கும். பல்சர் போன்ற பைக்கில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. எஞ்சினுக்கு வழுக்கல் வேண்டும், கிளச்சுக்குப் பிடி வேண்டும். இரண்டையும் ஒரே ஒயில் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஜப்பான்காரர் ஜாசோ டி903 என்று தரம் வகுத்தார்கள். எம்.ஏ., எம்.ஏ.2 என்றால் ஒயிலில் ஊறும் கிளச்சுக்குப் பொருந்தும். எம்.பி. உராய்வு குறைந்தது, கிளச் ஒயிலில் ஊறாத ஸ்கூட்டருக்கு அது போதும். எரிபொருள் மிச்சம் பிடிக்கவென்று உராய்வு குறைப்பான் சேர்த்த கார் ஒயிலை இதற்குள் விட்டால் தட்டுகள் வழுக்கும். எஞ்சின் கத்தும், சில்லுக்குச் சக்தி போகாது. உங்களுடையது கிளச் வழுக்கல். இன்றிரவே ஒயிலை இறக்கிவிட்டு எம்.ஏ.2 போடுங்கள்.

ஸ்பானர்12 · இரவு 7.50
நானும் அதைத்தான் நினைச்சன். போத்தலின்ர பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கோ தம்பி.

கிண்ணியா_நானா · இரவு 8.02
முறுக்குவிசை சொன்ன விளக்கம் சரி. ஆனா கார் ஒயில் எல்லாம் கிளச்ச வழுக்க வைக்கும் என்டில்ல. அந்த உராய்வு குறைப்பான் கூடுதலா 5டபிள்யூ30 மாதிரி மெல்லிய ஒயில்லதான் வரும். பல்சருக்கு 20டபிள்யூ50. அந்தத் தடிப்பில கடைக்காரர் குடுத்திருந்தா, கார் படம் போட்ட போத்தலா இருந்தாலும் ஒரே நாள்ல இப்படி வழுக்குறது குறைவு. எங்கட வாப்பா கிண்ணியாவுக்குப் பாலம் வாற காலத்துக்கு முன்ன இருந்தே, படகுப் பாதையில பைக்க ஏத்தி டவுனுக்குப் போனவர். கையில கிடைச்ச ஒயிலத்தான் விட்டவர், கிளச் ஓடினது. நல்லது என்டு சொல்லல்ல. இப்ப ஒயில் விக்கிற விலைக்கு, போத்தலப் பாக்காம இறக்கி ஊத்தச் சொல்ல ஏலாது என்டுதான் சொல்றன்.

முறுக்குவிசை · இரவு 8.10
ஓடியது என்பது வேறு, சரியாக ஓடியது என்பது வேறு.

உப்புவெளி_ரீச்சர் · இரவு 8.26
தம்பி, செயினை இறுக்கினது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதுக்குப் பிறகு பின் பிரேக் ரொட்டைப் பார்த்தீங்களா? இங்க ஒருத்தரும் அதைக் கேக்கேல்ல.

செயின் இறுக்கிறதெண்டா பின் சில்லைப் பின்னுக்கு இழுக்கிறது. உங்கட மொடலுக்குப் பின்னால டிரம் பிரேக். பிரேக் பெடலில இருந்து டிரம்முக்குப் போற ரொட்டின்ர நீளம் மாறாது. சில்லு பின்னுக்குப் போனா அந்த ரொட் இழுபட்டு, நீங்கள் கால் வைக்காமலே பிரேக் பாதி பிடிச்ச மாதிரி நிக்கும். செயின் கனநாள் தொங்கிக்கிடந்து ஒரேயடியா இறுக்கியிருந்தால் இது கட்டாயம் நடக்கும். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில எனக்கு நடந்தது. கியூ.ஆர். பங்கீட்டில கிடைச்ச நாலு லீற்றரும் எங்க போகுதெண்டு தெரியாமல் ஒரு கிழமை திரிஞ்சன். பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டே ஓடியிருக்கிறன்.

எது எண்டு பிரிச்சறிய வழி இருக்கு. பைக்கை நடு ஸ்ராண்டில போட்டு, நியூற்றலில பின் சில்லைக் கையால சுத்துங்கோ. ரெண்டு மூண்டு சுத்து தானாச் சுத்த வேணும். பிறகு றோட்டில நாலாம் கியரில 40இல போகேக்க ஒருக்கா நல்லா அக்சிலறேற்றரை முறுக்கிப் போட்டு எஞ்சின் சுத்துற வேகம் காட்டுற ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கோ. முள்ளு பாய்ஞ்சு ஏறி வேகம் ஏறாட்டில் கிளச் வழுக்குது, முறுக்குவிசை ஐயா சொன்னது சரி. முள்ளும் ஏறாமல் எஞ்சின் முக்கிக்கொண்டு நிண்டால் ஏதோ பிடிச்சு இழுக்குது. ஓடிவந்த உடன பின் சில்லின்ர நடு ஹப்பைத் தொடாதீங்கோ. ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாருங்கோ, பொரிஞ்சால் பிரேக்தான்.

நிலாவெளி_ரோட் · இரவு 8.40
அக்கா சொல்றதும் நடக்கும். ஆனாலும் காபரேட்டரை ஒருக்காப் பாக்கிறது நல்லது. பல்சருக்கு பிளக்கும் ரெண்டு, ஒண்டு வேலை செய்யாட்டிலும் பைக் ஓடும், இழுவை மட்டும் குறையும். ரெண்டு பிளக் தொப்பியும் இறுக்கமா நிக்குதா எண்டு பாருங்கோ.

பழைய_வேர்க்ஷொப் · இரவு 9.05
நான் ஒரு கொம்பனி வேர்க்ஷொப்பில ஒன்பது வருசம் வேலை செய்தவன். எந்தக் கொம்பனி எண்டது தேவையில்லை. கொம்பனியைத் திட்டிறதுக்கு முதல் ஒண்டை யோசியுங்கோ. வெளியில கை வச்ச பைக் உள்ளுக்கு வந்தால், அதில முறுகின ஒவ்வொரு நட்டுக்கும் கையெழுத்து வைக்கிற மெக்கானிக் பொறுப்பு. அவன் கழட்டிப் பாக்கத்தான் வேணும். ரோர்க் ரென்ச், கிளச் புல்லர், வால்வு இடைவெளி அளக்கிற கேஜ் இதெல்லாம் வீட்டில ஆரிட்ட இருக்கு? வொறண்டி உள்ள புதுப் பைக்கை வீட்டில கழட்டாதீங்கோ. பிறகு எஞ்சினில ஒரு பிழை வந்தால் ஒருத்தரும் ஏற்கமாட்டினம்.

உப்புவெளி_ரீச்சர் · இரவு 9.18
வொறண்டி உள்ள பைக்குக்கு நீங்கள் சொல்றது நூறு வீதம் சரி. ஆனா இது 2014. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 தொடங்கித்தான் திறந்தவை. அந்த அஞ்சு வருசமும் இந்த நாட்டில ஓடினது பழைய பைக்தான், வச்சிருந்தவை தாங்களே பார்த்துப் பார்த்து ஓடினவை. அதோட, சில்லைச் சுத்திப் பாக்காமல், போனிலயே எஞ்சின் கழட்ட வேணும் எண்டு சொல்றது எப்பிடிச் சரியாகும்? தெரியாத பெடியன் அதைக் கேட்டுப் பயந்து காசைக் கட்டுவான். அதுதான் எனக்குக் கோவம்.

பழைய_வேர்க்ஷொப் · இரவு 9.27
போனில அப்பிடிச் சொன்னது பிழைதான். அதை நான் நியாயப்படுத்தேல்ல.

மீன்பெட்டி · இரவு 9.41
நான் இறக்கக்கண்டியில இருந்து டவுனுக்கு மீன் கொண்டுவாறவன். பின்னால பெட்டியில ஐஸ் உருகி உப்புத் தண்ணி நேரா செயினிலயும் ரிம்மிலயும்தான் சொட்டும். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கொம்பனி சேர்விஸ் எண்டு நம்பியிருந்தனெண்டால் வருசத்துக்கு ரெண்டு செயின் மாத்த வேண்டி வந்திருக்கும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நல்ல தண்ணியால கழுவி, காஞ்ச பிறகு செயினுக்கு ஒயில் விடுவன். பிரேக் ரொட் நட்டுக்கும், கிளச் கேபிள் வாய்க்கும் ஒவ்வொரு சொட்டு. கடல்கரையில பைக் வச்சிருக்கிறவன் தானே கை வைக்காட்டில் எந்தக் கொம்பனியும் காப்பாத்த ஏலாது. கந்தளாய்ப் பக்கம் இருக்கிறவைக்கு இது விளங்காது.

நிலாவெளி_ரோட் · இரவு 9.50
செயின் கழுவ டீசலா மண்ணெண்ணெயா அண்ணை?

மீன்பெட்டி · இரவு 9.55
மண்ணெண்ணெய். தூரிகையில நனைச்சுத் தேச்சிட்டுத் துணியால துடைக்கிறது.

ஸ்பானர்12 · இரவு 9.58
நான் டீசல்தான். மண்ணெண்ணெய் செயினை வறட்டிப் போடும். டீசல்ல கொஞ்சம் எண்ணெய்ப் பிடிப்பு நிக்கும்.

கிண்ணியா_நானா · இரவு 10.06
அந்தப் பிடிப்புலதான் மண் வந்து ஒட்டும். மூதூர்ப் பக்கம் மணல் றோட்டில டீசல் போட்டு ஓடிப் பாருங்க, ரெண்டு நாளையில செயின் அரைக்கிற சத்தம் கேக்கும். எதால கழுவினாலும் துடைச்சு, காய விட்டு, ஒயில் விட்டாத்தான் கழுவினது கணக்கு. ஓ-ரிங், அதான் ரப்பர் வளையம், உள்ள செயினுக்கு மட்டும் பெற்றோல் போட்டுடாதீங்க, ரப்பர் ஊதிப் போகும்.

முறுக்குவிசை · இரவு 10.15
கேள்வி கேட்டவர் செயின் கழுவுவதைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று மணித்தியாலமாக அவரையும் காணவில்லை. ரீச்சர் சொன்ன சோதனை முறை சரியானது, அதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஒயில் பற்றிச் சொன்னதை நான் மாற்றவில்லை. போத்தலைப் பார்க்காமல் திங்கட்கிழமை கந்தளாய்க்கு ஓடக்கூடாது.

இன்னொன்று, யாரும் கோபிக்க வேண்டாம். ஒயில், செயின், பிளக், பில்டர், கேபிள் இவற்றை எவரும் பழகலாம், பழகவும் வேண்டும். ஆனால் ஒன்றைத் தொட்டால் அதோடு சேர்ந்து எது அசையும் என்று தெரிந்துகொண்டு தொட வேண்டும். பின் சில்லை அசைத்தால் பிரேக் அசையும், பிரேக் லைற் சுவிச் அசையும், இரண்டு பக்கக் குறியும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் சில்லே சரிந்து ஓடும். செயினை இறுக்கத் தளர்த்திய பின் சில்லின் அச்சு நட்டைக் கேள்வி கேட்டவர் திருப்பி இறுக்கினாரா என்பதுகூட நமக்குத் தெரியாது.

பழைய_வேர்க்ஷொப் · இரவு 10.22
அச்சு நட்டு முக்கியம். தம்பி, இதைப் பார்த்தால் பைக்கை எடுக்க முதல் அதைப் பாருங்கோ. மற்றதெல்லாம் பிறகு. என்ர காலத்தில ரெண்டு பைக் அந்த நட்டு இறுக்காமல் வந்தது. ரெண்டும் வேர்க்ஷொப் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தது அவையின்ர அதிர்ஷ்டம்.

உப்புவெளி_ரீச்சர் · ஞாயிறு, காலை 7.10
தம்பி, என்ன நடந்தது?

கடற்காத்து · ஞாயிறு, காலை 11.34
அக்கா, பிரேக்தான். சில்லு கையால அரைச் சுத்தும் சுத்தேல்ல. ராத்திரி தண்ணி தெளிச்சனான், பொரிஞ்சது. ரொட் நட்டை அஞ்சு சுத்துத் தளர்த்தினன். உவர்மலை இப்ப மூண்டாம் கியரில ஏறுது. அச்சு நட்டும் பார்த்தன், இறுக்கமாக் கிடக்கு. எல்லாருக்கும் பெரிய நன்றி.

நிலாவெளி_ரோட் · காலை 11.50
நல்லது தம்பி. நேரம் கிடைச்சா காபரேட்டரையும் கழுவுங்கோ.

உப்புவெளி_ரீச்சர் · பகல் 12.05
சந்தோசம். ஆனா நட்டை மட்டும் தளர்த்திப்போட்டு நிக்காதீங்கோ. பெடலை அமத்தேக்க முதல் ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் சும்மா போய், பிறகு பிடிக்க வேணும். கூடத் தளர்ந்தால் பிரேக்கே இல்லாமல் போகும். கால் வைக்கேக்க பின் லைற் எரியுதா எண்டும் பாருங்கோ. சுவிச்சையும் திருப்பி வைக்க வேண்டி வரும். சூடாகி ஓடின டிரம், பிரேக் ஷூவின்ர முகம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கலாம். நாளைக்குக் கந்தளாய் றோட்டுக்கு ஏற முதல், சனமில்லாத இடத்தில மெதுவா ஓடி நாலைஞ்சு தரம் பிரேக் பிடிச்சுப் பாருங்கோ. அந்த றோட்டில மாடு குறுக்க வந்தால் நினைக்க நேரமில்லை. பிடிப்புக் குறைவா இருந்தால் ஒரு நாளைக்கு பஸ்ஸில போங்கோ தம்பி.

முறுக்குவிசை · பகல் 12.20
பிரேக் என்று கண்டுபிடித்ததில் மகிழ்ச்சி, ரீச்சருக்கு நன்றி. கடற்காத்து, போத்தலின் பின்பக்கப் படம் இன்னும் வரவில்லை. அதில் எம்.ஏ. என்று இருக்கிறதா?

முறுக்குவிசை · ஞாயிறு, இரவு 9.00
கடற்காத்து? படம் போடுங்கள். எம்.ஏ. இல்லை என்றால் நாளை ஓடுவதற்கு முன் சொல்லுங்கள். என்னிடம் ஒரு லீற்றர் மீதி இருக்கிறது, லிங்கநகரில்தான் இருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளலாம்.