மிடில்மார்ச்: கல்யாணம் முடிந்த பிறகு சூடு பிடிக்கும் நாவல்

பகிர்வு 1

ஆங்கில நாவலில் காதல், கல்யாணம் என்றாலே ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஜோடி டார்சி, எலிசபெத் பேச்சுதான் முதலில் வரும். நான் 'மிடில்மார்ச்' கட்சி. ஜார்ஜ் எலியட் 1871 டிசம்பரில் தொடங்கி ஓராண்டில் எட்டுப் பகுதிகளாக வெளியிட்டது. கதை நடப்பது 1830-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில். மற்ற நாவல்கள் சுபம் போடும் இடத்தில்தான் இது ஆரம்பிக்கும். கதாநாயகி டோரதியாவுக்குப் பத்தாவது அத்தியாயத்திலேயே கல்யாணம் ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் இன்னும் 76 அத்தியாயம்!

அவளுக்கு இருபதுகூட ஆகவில்லை. மாப்பிள்ளை கசாபனுக்கு நாற்பத்தைந்துக்கு மேல். உலகத்துப் புராணங்களுக்கெல்லாம் ஒரே திறவுகோல் கண்டுபிடிக்கிறேன் என்று, முடியாத ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு அழும் பாதிரியார். அவர் ரத்தத்தில் ஒரு சொட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத்தான் தெரியும் என்று ஊரில் ஒரு அம்மா கிண்டலடிப்பார். டோரதியாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய அறிவாளிக்குத் துணையாக இருக்கப் போகிறோம் என்று, கல்யாணம் கேட்டு அவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு மண்டியிட்டு அழுகிறாள். அந்தக் கடிதமோ வேலைக்கு ஆள் எடுக்கும் உத்தரவு மாதிரி இருக்கும்.

எம்.ஏ. வகுப்பில் எங்கள் பேராசிரியை 42-ஆம் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார். கசாபனுக்கு இதய நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தோட்டத்தில் இருக்கும் கணவரிடம் டோரதியா போய்க் கையைக் கோத்துக்கொள்கிறாள். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடியே இருக்கிறார். அந்த விறைத்த கையைப் பற்றிக்கொள்ளவே அவள் பாடுபட வேண்டியிருக்கிறது. அறைக்குப் போனதும் அவளுக்கு அப்படி ஒரு கோபம். ஆனால் இரவு அந்தக் கோபத்தை விழுங்கிவிட்டு, அவர் மாடியேறி வரும்வரை இருட்டில் காத்து நிற்கிறாள். மெழுகுவத்தியோடு வந்தவர், சின்னவள் நீ, இப்படிக் கண்விழிக்க வேண்டாம் என்று கனிவாகச் சொல்கிறார். கைகோத்து நடந்து போகிறார்கள்.

"இந்த மனுஷனா உயிலில் அப்படி எழுதி வைத்தார்!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். தான் செத்த பிறகு தன் இளம் உறவினன் வில் லாடிஸ்லாவை டோரதியா கட்டிக்கொண்டால் சொத்து கிடையாது என்று எழுதிவைத்தவரும் இவர்தானே. இரண்டு கசாபனையும் ஒரே ஆளாக என்னால் நம்ப முடிகிறது. எலியட்டின் கெட்டிக்காரத்தனம் அதுதான்.

பகிர்வு 2

எனக்கு மறக்காதது அதே நாவலில் வரும் லிட்கேட், ரோசமண்ட் ஜோடிதான். வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் படித்தேன், வயிற்றைக் கலக்கியது. புதுசாக ஊருக்கு வந்த டாக்டர், மருத்துவத்தில் ஏதாவது பெரிதாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கனவு. ஊரிலேயே அழகான பெண்ணைக் கட்டுகிறார். சாமான், வெள்ளிப் பாத்திரம், முப்பது பவுண்டுக்கு அமெதிஸ்ட் நகை என்று எல்லாம் கடன். சமாளிக்க வீட்டை வாடகைக்கு விடலாம் என்று அவர் ஏற்பாடு செய்தால், அவருக்குத் தெரியாமல் ரோசமண்ட் போய் அதை நிறுத்திவிடுகிறாள். அவருடைய பணக்காரப் பெரியப்பாவுக்கு ரகசியமாகக் கடிதம் வேறு. பெரியப்பாவோ, பெண்டாட்டியை விட்டு எழுதச் சொல்கிறாயா என்று அவருக்குத்தான் பதில் போடுகிறார். இத்தனையிலும் அவள் ஒருமுறைகூடக் குரலை உயர்த்த மாட்டாள். கடைசியில் லிட்கேட் பணக்கார நோயாளிகளைப் பார்த்துச் சம்பாதித்து, கீல்வாதத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டு, ஐம்பது வயதில் போய்ச் சேருகிறார்.

நான் பொங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி படித்துவிட்டு நேர்மாறாகச் சொன்னாள். "சாமானைக் கணக்கெடுக்க ஆள் வரப்போகிற சமயத்தில்தான் கடன் இருக்கிறதென்றே அவளிடம் வாயைத் திறக்கிறார். அழகு பொம்மை வேண்டும் என்று கட்டினால் பொம்மையா கணக்குப் பார்க்கும்?" அப்புறம் எங்கள் வங்கிக் கணக்குப் பாஸ்வேர்டைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

பகிர்வு 3

தம்பி, உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னதுதான் சரி. ஆனால் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். புல்ஸ்ட்ரோட், ஹாரியட்.

ஊருக்கே உபதேசம் செய்யும் வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோட். ஒரு வாரிசுக்குச் சேர வேண்டியதை மறைத்துச் சேர்த்த பணம் அவருடையது. அதைச் சொல்லி மிரட்டியவன் அவர் பொறுப்பில் இருக்கும்போதே சாகிறான். ஊரெல்லாம் நாறிவிட்டது, பெண்டாட்டி ஹாரியட்டுக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு தோழி வீடாகப் போகிறாள், எல்லோரும் பூசி மெழுகுகிறார்கள். கடைசியில் அண்ணன்தான் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறாள். அழுது முடித்து, நகைகளைக் கழற்றி வைக்கிறாள். சாதாரணக் கறுப்பு உடை, அலங்காரம் இல்லாத ஒரு தொப்பி. இரவு எட்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு அவரிடம் போகிறாள். அவர் நிமிரவில்லை. முன்பைவிடச் சிறுத்துப் போனவராகத் தெரிகிறார். அவர் கைமேல் ஒரு கையும் தோள்மேல் ஒரு கையும் வைத்து, நிமிர்ந்து பாருங்கள் என்கிறாள். இருவரும் உட்கார்ந்து அழுகிறார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று அவள் கேட்கவில்லை. நான் நிரபராதி என்று அவரும் சொல்லவில்லை.

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு சீட்டு விவகாரத்தில் மாட்டிய வருடம் இதைப் படித்தேன். தங்கையும் ஒரு நாள் முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்ற எனக்கு, அவள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது இந்த 74-ஆம் அத்தியாயத்தில்தான் கொஞ்சம் தெரிந்தது.

பகிர்வு 4

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் கொஞ்சம் சண்டை போடுகிறேன். புருஷன் என்ன செய்தாலும் கூடவே நில் என்று நமக்கு வேறு யாரும் சொல்லாததா? ஹாரியட்டுக்கு வேறு என்ன வழி இருந்தது? 1857 வரை இங்கிலாந்தில் முழு விவாகரத்து வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே போட வேண்டும். மனைவியின் பணமும் பெரும்பாலும் புருஷனுடையதுதான். போக்கிடம் இல்லாதவள் நின்றதைப் பெரிய மனசு என்று சொல்லலாமா?

எழுதியவர் கதை இன்னும் வேடிக்கை. ஜார்ஜ் எலியட் என்கிற மேரி ஆன் எவன்ஸ் 1854 முதல் லூயிஸ் என்பவரோடு வாழ்ந்தார். லூயிஸின் மனைவி உயிரோடு இருந்தார், விவாகரத்துக்குச் சட்டத்தில் வழியில்லை. விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஐசக் பேச்சை நிறுத்திவிட்டார். லூயிஸ் இறந்த பிறகு, 1880-ல் எலியட் தன்னைவிட இருபது வயது இளையவரை முறைப்படி கட்டிக்கொண்டதும்தான் அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது.

பகிர்வு 3 எழுதியவரின் பதில்

வழியில்லைதான் கண்ணு. ஆனால் அதே வீட்டில் இருந்துகொண்டே கதவைச் சாத்திக்கொள்ளவும் அவளால் முடிந்திருக்கும். அப்படி எத்தனை வீடு பார்த்திருக்கிறேன். இன்னொன்று: அவள் மன்னித்தாள் என்று எலியட் எங்கேயும் எழுதவில்லை. 85-ஆம் அத்தியாயம் வரை புல்ஸ்ட்ரோடும் அவளிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. என் அண்ணன் குடும்பத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்று மட்டும் அங்கே கேட்கிறாள். அதையும் ஒருமுறை படித்துவிட்டு வா, சண்டையைத் தொடரலாம்.