அலாட்மென்ட்டில் முதல் ஆண்டு எந்த உருளைக்கிழங்கை நடுவது?

கேள்வி

வணக்கம். நாங்கள் இங்கிலாந்துக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் ஊரில் காத்திருப்போர் பட்டியல் சிறியதாக இருந்ததால், கவுன்சிலிடமிருந்து அரை அலாட்மென்ட், அதாவது காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் தோட்ட மனையில் பாதி, கிடைத்துவிட்டது. கனமான களிமண் நிலம். முதலில் உருளைக்கிழங்கு போடுங்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் கடையில் இருபதுக்கும் மேற்பட்ட ரகங்களின் விதைக்கிழங்குப் பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த பெயர் மேரிஸ் பைப்பர் ஒன்றுதான். வீட்டில் பூரி மசாலாவும் பொரியலும் குருமாவும்தான் அதிகம். அதையே வாங்கிவிடலாமா?

பதில்

வணக்கம். முதல் ஆண்டில், அதுவும் களிமண் நிலத்தில், மேரிஸ் பைப்பர் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நானும் இதே பையை வாங்கி நட்டு, ஓர் ஆகஸ்டு மாதத்தில் நான்கு வரிசைச் செடிகளையும் அடியோடு அறுத்தவன்.

நான் மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவன். மலையிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு மூட்டைகள் மண்டியில் ஏலம் போவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு வாங்கும்போது ‘ஊட்டிக் கிழங்கா?’ என்று கேட்போமே தவிர, என்ன ரகம் என்று கேட்டதில்லை. இந்த நாட்டில் அப்படி வாங்க முடியாது. இங்கே ரகத்தின் பெயருக்குள் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன: அது நிலத்தில் எத்தனை வாரம் கிடக்கும், எந்த நோயைத் தாங்கும், வெந்தால் உதிருமா கட்டியாக நிற்குமா. நம்மவர்கள் மூன்றாவதை முதலில் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது வாரக் கணக்கைத்தான்.

பையின் மேல் ஃபர்ஸ்ட் எர்லி, செகண்ட் எர்லி, மெயின்கிராப் என்று மூன்றில் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். முதல் வகை நட்ட 10 முதல் 12 வாரங்களில் தோண்டத் தயாராகும்; இரண்டாம் வகைக்கு 13 முதல் 15 வாரங்கள் ஆகும்; மூன்றாம் வகைக்கு 16 முதல் 20 வாரங்களும் அதற்கு மேலும் தேவைப்படும். மார்ச் கடைசியில் நட்ட ஃபர்ஸ்ட் எர்லி ஜூன் மாதத்திலேயே சட்டிக்கு வந்துவிடும். ஏப்ரலில் நட்ட மெயின்கிராப்போ ஆகஸ்டு கடைசி வரைக்கும், சில ரகங்கள் செப்டம்பர் வரைக்கும் மண்ணுக்குள் இருந்தாக வேண்டும். இந்த இடைவெளியில்தான், ஜூலையிலும் ஆகஸ்டிலும், கருகல் நோய் வருகிறது.

பிளைட் என்று இங்கே எல்லோரும் அஞ்சுகிற அந்த நோயை உண்டாக்குவது, 1845-இல் அயர்லாந்தின் உருளைப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வித்திட்ட அதே கிருமிதான். அது காற்றில் வரும். உங்கள் நிலத்தின் சுத்தம் அதைத் தடுக்காது. அடுத்தடுத்து இரண்டு நாள்கள் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காமலும், ஒவ்வொரு நாளிலும் குறைந்தது 6 மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால், நோய்க்கு ஏற்ற நிலை கூடிவிட்டதென்று இங்குள்ள உழவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறார்கள். ஹட்டன் அளவுகோல் என்பது அதன் பெயர். உழவர்கள் அதைப் பார்த்து மருந்து அடிப்பார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்று அப்படியொரு மருந்து கடையில் இல்லை என்பதால், நம் கையில் இருக்கும் ஒரே காப்பு ரகத் தேர்வுதான்.

அந்த ஆகஸ்டு மாதத்தைச் சொன்னேன் அல்லவா? சனிக்கிழமை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தபோது செடிகள் இடுப்பளவு உயரத்தில், கரும்பச்சையாக, வரிசை தெரியாமல் அடர்ந்து நின்றன. இரண்டு நாள் மழை பெய்தது. செவ்வாய்க்கிழமை மாலை போய்ப் பார்த்தால், இலைகளின் ஓரங்களில் கொதிநீர் பட்டதுபோல் பழுப்புத் திட்டுகள். ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் திட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பூசணம் மெல்லிய தூள்போல் படர்ந்திருந்தது. பக்கத்து நிலத்தில் முப்பது ஆண்டுகளாகப் பயிரிடும் முதியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தம்முடைய செடி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தார். இருட்டும் வரை இருவரும் தண்டுகளைத் தரைமட்டத்துக்கு அறுத்தோம். அறுத்த பிறகு உடனே தோண்டக் கூடாது, மண்ணின் மேல் விழுந்த நோய் வித்துக்கள் அழியவும் கிழங்கின் தோல் முற்றவும் இரண்டு மூன்று வாரம் விட வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, அழுகலுக்குத் தப்பியவற்றில் பாதியை ஓடில்லா நத்தைகள் துளைத்திருந்தன.

மெயின்கிராப் வகையைச் சேர்ந்த மேரிஸ் பைப்பர் மோசமான கிழங்கு அன்று. கேம்பிரிட்ஜ் அருகே டிரம்பிங்டனில் மேரிஸ் லேன் என்ற தெருவில் இருந்த பயிர்ப் பெருக்க நிலையத்தில் உருவாக்கப்பட்டு, 1966-இல் வெளிவந்தது. உருளையின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழுவைத் தாங்கும் ஆற்றலோடு வந்த முன்னோடி ரகம் என்பதால் உழவர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். மீன் வறுவல் கடைச் சிப்ஸுக்கு இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் உழவரிடம் மருந்தும் பாசன வசதியும் இருக்கின்றன. நம்மிடம் வார இறுதியும் ஒரு மண்வெட்டியும்தான் இருக்கின்றன. அந்த ரகம் கருகலைத் தாங்காது, வறண்ட கோடையில் கிழங்கின் தோலில் சொறி நோய் பிடிக்கும், ஈரக் களிமண்ணில் நத்தைகளுக்கு மிகவும் பிடித்தமானது. 1902-இல் வந்த கிங் எட்வர்ட் ரகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் சுவையை மறுக்க முடியாது, ஆனால் முதல் ஆண்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய ரகம் அன்று.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்றே மூன்று ரகங்களை வாங்குவேன்.

முதலாவது, ஃபர்ஸ்ட் எர்லி வகையில் ரெட் டியூக் ஆஃப் யார்க். சிவப்புத் தோலும் இளமஞ்சள் சதையும் கொண்டது. பொதுவாக முன்பருவக் கிழங்குகள் வெந்தாலும் உதிராதவை. இது அவற்றிலிருந்து விலகி, மாவாக உதிரும் இயல்புடையது. இளசாகத் தோண்டாமல் ஜூலை வரை விட்டால் நன்றாகப் பருத்து, பூரி மசாலாவுக்கு ஏற்ற கிழங்காகிவிடும். கருகல் பரவும் காலத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவதால் நோய்ப் பயம் பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது, செகண்ட் எர்லி வகையில் சார்லட். பொரியலுக்கும் குருமாவுக்கும் இதற்கு இணையாக நான் இன்னொன்றைக் கண்டதில்லை. நீள்வட்டமாக, மழமழப்பான தோலோடு இருக்கும். குழம்பில் இருபது நிமிடம் கொதித்தாலும் வெட்டிய துண்டின் முனை மழுங்காது. இதைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனெனில் இங்கே வந்த புதிதில் நம்மவர்கள் பலரும் குழம்பு கூழாகிவிட்டதென்று வருந்துவது சமையல் தவறினால் அன்று. உதிரும் ரகத்தைக் குழம்பில் போட்டதனால்தான். அதேபோல் சார்லட்டை மசித்து மசாலா செய்ய முயன்றால் பசைபோல் இழுக்கும். போண்டாவுக்கும் அது உதவாது. ஒரே கிழங்கில் எல்லாவற்றையும் சமைக்க வேண்டுமென்றால் 1962-இல் ஹாலந்திலிருந்து வந்த டிசிரே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவான பதம், வறட்சியையும் தாங்கும். ஆனால் அது மெயின்கிராப், சொறி நோயும் பிடிக்கும். மணற்பாங்கான நிலம் உள்ளவர்கள் முயலலாம்.

மூன்றாவது, சேமித்து வைப்பதற்கு சார்ப்போ மீரா. ஹங்கேரி நாட்டின் சார்வாரி குடும்பத்தார் பல்லாண்டுகளாக உழைத்துத் தேர்ந்தெடுத்த வழியில் வந்தது. வேல்ஸில் உள்ள பாங்கரில் சோதிக்கப்பட்டு இங்கே பரவியது. சுற்றியுள்ள நிலங்களெல்லாம் கருகி நிற்கும்போதும் இது பச்சையாக நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செடி காடுபோல் வளர்வதால் களை எழும்பாது. நத்தைத் தொல்லையும் குறைவு. சுவை சற்றுக் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. அவசரப்பட்டுத் தோண்டினால் அப்படித்தான் இருக்கும். செப்டம்பர் கடைசி வரை விட்டு, சாக்கில் கட்டி, ஒரு மாதம் கழித்து எடுத்தால் உதிர உதிர வேகும். தைப் பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் அதுதான்.

அளவைப் பொறுத்தவரை, முழு மனை பத்து ராடு, அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர் என்பது இங்கே வழிவழியாக வரும் கணக்கு. உங்களுடையது அதில் பாதி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உருளைக்கு ஒதுக்க வேண்டாம். ஒரு கிலோ விதையில் முட்டை அளவுக் கிழங்குகள் பத்து முதல் பதினைந்து வரை இருக்கும். முன்பருவ ரகங்களை 30 செ.மீ. இடைவெளியில், வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விட்டு நடுங்கள், சார்ப்போ மீராவுக்கு 40 செ.மீ., வரிசைக்கு 75 செ.மீ. தேவை. களிமண்ணில் 10 செ.மீ. ஆழமே போதும், மீதியைச் செடியின் தண்டைச் சுற்றி மண் அணைத்து ஈடுகட்டலாம். நன்கு மட்கிய உரம் தாராளமாகப் போடலாம். சுண்ணாம்பு மட்டும் அந்தப் பாத்தியில் கூடாது, சொறி நோய் கூடும். மே மாதத்திலும் உறைபனி வரக்கூடும் என்பதால், தளிர் தலைகாட்டும்போதெல்லாம் மண்ணை இழுத்து மூடிவிடுங்கள்.

ரெட் டியூக் பூ விடும் நேரத்தில், செடியைப் பிடுங்காமல் அணைத்த மண்ணின் பக்கவாட்டில் கையை நுழைத்துத் தடவிப் பாருங்கள். மண் குளிர்ந்திருக்கும், விரல் நுனியில் வழவழப்பாக ஒன்று தட்டுப்படும். கோழி முட்டையளவு இருந்தால் அன்றைக்குச் சமையலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடலாம். என் மகள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஜூன் மாதம் முழுவதும் என்னோடு தோட்டத்துக்கு வந்தாள்.

இன்னொன்று. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் உருளையின் குடும்பம்தான். நாம் இந்த நான்கையுமே நடத் துடிப்பவர்கள் என்பதால் தனியாகச் சொல்கிறேன்: திறந்த வெளியில் தக்காளியை உருளைக்கு அருகில் வைத்தால் கருகல் ஒரே வாரத்தில் தாவிவிடும். இந்த ஆண்டு உருளை போட்ட பாத்தியில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் குடும்பத்தில் எதையும் நடாதீர்கள். பீன்ஸ், வெங்காயம், முட்டைக்கோஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மீண்டும் கேள்வி

மிக்க நன்றி ஐயா. மார்ச் மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள். நம் ஊர்க் கிழங்கு நான்கைந்து கொண்டுவரச் சொல்லி விதையாக நடலாமா? இல்லையென்றால் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வீட்டிலேயே முளைத்துவிட்ட கிழங்கை நடலாமா?

பதில்

முதலாவதை அருள்கூர்ந்து செய்யாதீர்கள். இந்தியாவிலிருந்து உருளைக்கிழங்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது இங்கே சட்டப்படி தடை செய்யப்பட்டது. இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. நான் மேலே சொன்ன தங்க நூற்புழு 1961-இல் உதகமண்டலத்தில் கண்டறியப்பட்டது; அதன் பிறகு நீலகிரியின் விதைக்கிழங்கு மற்ற மாநிலங்களுக்குப் போகாதபடி நம் நாட்டிலேயே தடை விதிக்கப்பட்டது. குண்டூசித் தலை அளவுகூட இல்லாத முட்டைக் கூடுகள், கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வந்து, நிலத்தில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். எங்கள் மண்டிக்கு வந்த மலை விவசாயிகள் அந்தப் புழுவைப் பற்றி எவ்வளவு கவலையோடு பேசுவார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பொது நிலத்துக்குள் அதைக் கொண்டுவரும் வாய்ப்பை நாம் ஏற்படுத்தக் கூடாது. அம்மாவிடம் அதற்குப் பதிலாகக் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் கேளுங்கள்.

கடைக் கிழங்கும் வேண்டாம். அது உண்பதற்காக விற்கப்படுவது; வைரஸ் நோய் இல்லையென்று யாரும் சான்று தந்ததில்லை, பல நேரங்களில் முளை எழாதபடி மருந்தூட்டப்பட்டும் இருக்கும். சான்று பெற்ற விதைக்கிழங்கு பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் குளிர்ந்த வயல்களிலிருந்து வருகிறது; வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி அங்கே குறைவு என்பதே காரணம். பை கனமாக வேண்டாம் என்றால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பல ஊர்களில் பொட்டேட்டோ டே என்று நடக்கும் விற்பனைக்குப் போனால், வேண்டிய ரகத்தை வேண்டிய எண்ணிக்கையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கலாம்.

வாங்கிய அன்றே வலைப்பையைப் பிரித்து, கண்கள் அதிகமுள்ள முனை மேலே இருக்கும்படி முட்டை அட்டைகளில் அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள, உறைபனி படாத ஜன்னலோரத்தில் வையுங்கள். ஆறு வாரத்தில் கட்டைவிரல் நக நீளத்துக்குத் தடித்த முளைகள் வரும். அட்டையின் மேலேயே ரகத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். ரெட் டியூக்கும் சார்ப்போ மீராவும் இரண்டுமே சிவப்புத் தோல், முளைவிட்ட பிறகு எது ஜூலைக் கிழங்கு எது செப்டம்பர்க் கிழங்கு என்று பார்த்துச் சொல்ல முடியாது.