சாதாழைக்குள் துள்ளுற தெள்ளு கடிக்குமோ? (முல்லைத்தீவுக் கரை)

அளம்பில்கரை:
வாடைக்காற்றோட கரையில ஒதுங்கின சாதாழையைக் (கடற்புல், கடற்பாசிக் குவியல்) கிளறினால் சாம்பல் நிறத்தில பூச்சி நூற்றுக்கணக்கில துள்ளுது. பின்னேரம் கரையில விளையாடுற பிள்ளையளுக்குக் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் பொட்டு, இரவு முழுக்கச் சொறி. "மணல் தெள்ளு" எண்டு இணையத்தில தேடினால், காலுக்குள்ள புகுந்து முட்டையிடுற படமெல்லாம் வருது. சாதாழைக்குப் பூச்சிமருந்து அடிக்கலாமோ எண்டு மீன்வாடிக்காரர் கேக்கினம். இது உண்மையில என்ன?

நெய்தல்:
மருந்து அடிக்க விடாதேங்கோ. துள்ளுவது பூச்சியே அல்ல, இறால், நண்டு இனத்தோடு சேர்ந்தது. ஒன்றைப் பிடித்து வெள்ளைப் பீங்கானில் வைத்துப் பாருங்கோ. உடல் பக்கவாட்டில் நசுங்கி வளைந்திருக்கும், சிறகு இருக்காது, கால் ஏழு சோடி. பூச்சிக்கு மூன்று சோடிதான். மடித்து வைத்த வாலைச் சட்டென்று நிமிர்த்தி மணலை உதைப்பதால்தான் அந்தத் துள்ளல்.

செவுளால் மூச்சு விடுவதால் ஈரம் இல்லாமல் உயிர் வாழாது. அதனால் பகலில் அலை தொடும் எல்லைக்குச் சற்று மேலே, ஈரமணலுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு சாண் தோண்டினால் காணலாம். இருட்டியபின் வெளியே வந்து அழுகும் சாதாழையைத் தின்னும். கடல் எந்தப் பக்கம் என்பதைச் சூரியனையும் நிலவையும் வைத்து அறிகிறது. பெண் முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமக்கும். குஞ்சுகள் தாயின் சிறிய வடிவமாகவே வெளியே வரும்.

மனிதரைக் கடிக்க அதற்கு வாயும் இல்லை, தேவையும் இல்லை. குளிர்காலத்தில் வரும் உள்ளான் பறவைகளுக்கு இது நல்ல தீன். மருந்து அடித்தால் தெள்ளோடு நண்டுக்குஞ்சும் சேர்ந்து சாகும்.

நந்திக்கரை:
காலுக்குள்ள புகுற தெள்ளு வேற. அது ஒரு மில்லிமீற்றர் அளவான உண்மையான தெள்ளு. தென் அமெரிக்கா, கரீபியன், ஆபிரிக்கா தான் அதின்ர இடம். எங்கட கரையில அந்தப் பயம் வேண்டாம்.

பின்னேரம் கடிக்கிறது பெரும்பாலும் கண்ணுக்கு லேசில தெரியாத மெல்லிய ஈ. களப்புச் சேற்றிலயும் கண்டல் அடியிலயும் வளரும். விடியலிலயும் பொழுதுபடேக்கையும் காற்று விழுந்த நேரம் பார்த்து வரும். காற்று நல்லா அடிச்சால் பறக்க ஏலாது. அதால விளையாட்டை வெயில் சாய முன்னம் முடியுங்கோ, இல்லாட்டி காற்றடிக்கிற திறந்த கரையில விடுங்கோ. நீளக் காற்சட்டை, கணுக்காலுக்கு நுளம்பு விரட்டி பூசினாலே நல்லாக் குறையும். சாதாரண நுளம்பு வலை போதாது, கண்ணி பெரிசு, அது புகுந்து வரும்.

இன்னொண்டு: நாய் படுக்கிற மணலில வெறுங்காலோட நிண்டு, தோலுக்குக் கீழ சிவப்புக் கோடு நாளுக்கு நாள் வளைஞ்சு நீண்டால் அது நாயின்ர கொழுக்கிப்புழுக் குஞ்சு. ஊசியால கிண்டாதேங்கோ, வைத்தியரட்டக் காட்டினால் குளிசையிலயே மாறும்.

மணியக்கா:
கரையை விட உள்ளூரில கவனிக்க வேண்டியது மணல் ஈ. பெயர்தான் மணல் ஈ, கடற்கரையோட தொடர்பில்லை. இரண்டு மூண்டு மில்லிமீற்றர், உடம்பெல்லாம் மயிர், இருக்கேக்க சிறகை "வி" மாதிரித் தூக்கி வைச்சிருக்கும். தூரம் பறக்காது, நிலத்தோட ஒட்டித் தாவித் தாவிப் போகும். அதாலயும் சிலர் தெள்ளு எண்டு குழம்புகினம். புற்று, மாட்டுக்கொட்டில், மரப்பொந்து, இலைக்குப்பை மக்கின ஈரமண் இதுகளில வளரும். தேங்கின தண்ணியில இல்லை. அதனால சிரட்டை கவிழ்க்கிறது மட்டும் காணாது, வளவைக் கூட்டி, சாணத்தைக் கொட்டிலுக்குத் தள்ளிக் குவியுங்கோ.

இது பரப்புற தோல் நோய் (லீஷ்மேனியாசிஸ்) இலங்கையிலேயே தொற்றினதா முதன்முதல் 1992 இல பதிவானது. பெரும்பாலும் சொறியும் வராது, நோவும் வராது, அதுதான் ஏமாத்து. முகத்திலயோ கையிலயோ ஒரு பரு கிழமைக்கணக்கில மாறாமல் பெருத்து, நடுவில புண்ணானால் களிம்பு பூசிப் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. அரசாங்க ஆஸ்பத்திரியில தோல் கிளினிக்குக்குப் போனால் புண்ணோரத்தில சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில பார்ப்பினம். மருந்து பெரும்பாலும் புண்ணுக்குள்ளயே ஊசியாப் போடுறது, பல தரம் போகவேணும், இடையில விடக்கூடாது.

அளம்பில்கரை:
நன்றி அக்கா, அண்ணைமார். அப்ப விளையாடுற துண்டில கிடக்கிற சாதாழையை என்ன செய்யிறது?

நெய்தல்:
அந்தத் துண்டில் உள்ளதை மட்டும் பகலில் குப்பைவாரியால் வாருங்கோ, மேல்மணலைச் சேர்த்து அள்ளாமல். மற்றதைக் கரையிலேயே விடுங்கோ, மணலை அரிபடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். வாரியதை ஒரு மழை உப்பைக் கழுவும்வரை குவித்து வைத்துவிட்டு, தென்னையின் அடியைத் தொடாமல் வட்டமாகப் போடலாம்.