கன்னத்து மறுவும் பாதத்து மச்சமும்: உறுப்பினர் அனுபவங்கள்

செம்பூரிலிருந்து:

என் மகளுக்குப் பிறந்தபோதே இடது கன்னத்தில், திராட்சைச் சாறு கொட்டியதுபோல, சிவந்த மறு படர்ந்திருந்தது. கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று, பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரும் சித்தியும் தீர்மானமாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளைக்குப் பாலூட்டிய நாட்களின் வேதனையை இன்னொரு தாய் அனுபவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சயானில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர், இது 'போர்ட் ஒயின்' மறு என்றும், கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவின் ஓர் எழுத்து மாறிவிடுவதே இதற்குக் காரணம் என்று 2013இல் கண்டறியப்பட்டது என்றும் விளக்கினார். மாற்றம் கரு உருவான பிறகு நேர்வதால் அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருவதில்லை. அந்த ஒரு செல்லிலிருந்து பெருகிய செல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. கிரகணத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை. இதை மாமியாருக்கு என் கணவரே உட்கார்ந்து எடுத்துச் சொன்னார்.

மறு நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் கண் அழுத்தத்தையும் வலிப்பு வாய்ப்பையும் அவசியம் கவனிக்க வேண்டும். லேசர் சிகிச்சையில் நிறம் மங்கிவருகிறது.

மாட்டுங்காவிலிருந்து:

எங்கள் பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். அவர் உள்ளங்காலில் தோன்றிய கரும்புள்ளியை, ஊர் ஊராகச் சுற்றவைக்கும் மச்சம் என்று வீட்டில் பெருமையாகப் பேசுவோம். அது விரிந்து, ஓரம் ஒழுங்கற்றுப் போன பிறகு எடுத்த திசுப் பரிசோதனையில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது.

கருத்த தோலுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வெயிலால் வரும் வகையிலிருந்து நம் நிறம் பெருமளவு காக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் வகைக்கு வெயில் முக்கியக் காரணம் அல்ல.

இதற்காக எல்லா மச்சத்தையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும், மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியிலும் பிராஃப் என்ற மரபணுவில் ஒரே மாற்றம்தான் இருக்கிறது. ஆயினும் மச்சத்தின் செல்கள் சிறிது பெருகியதும் தாமாகவே நின்றுவிடுகின்றன. பெருக்கத்தைத் தடுக்கும் வேறு மரபணுக்களும் பழுதானால்தான் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பெரியப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது.