மாதவரம்–எண்ணூர் சாலையில் தினமும் போகிறேன்: பவர் கண்ணாடி அணிபவருக்கு எந்த ஹெல்மெட் ஏற்றது?

கேள்வி: மாதவரம் பயணி

அனைவருக்கும் வணக்கம். மாதவரத்தில் வசிக்கும் நான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மணலி வழியாக மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். அந்தச் சாலையில் போய்ப் பழகியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கண்டெய்னர் லாரிகள் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும். சாம்பலோ ஜல்லியோ ஏற்றிய வண்டி ஒன்று முன்னால் போனால், அதைக் கடக்கும்வரை கண்ணைத் திறக்க முடியாது. பொது ஷிப்டில் போகும் வாரங்களில் காலையில் கிழக்கு வெயில் நேர் எதிரே அடிக்கிறது, திரும்பும்போது மேற்கு வெயிலும் முகத்திலேயே விழுகிறது. இரவு ஷிப்டில் எதிரே வரும் லாரிகளின் ஹைபீம் வேறு கண்ணைக் கூச வைக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பது வைசர் இல்லாத அரை ஹெல்மெட். தூரப்பார்வைக்குப் பவர் கண்ணாடி அணிகிறேன். வெயிலில் தானாகக் கருக்கும் வகை அது. கண்ணாடி இருந்தும் அதன் கீழ்ப்பக்கமாகத் தூசு புகுந்து, வீடு வந்து சேரும்போது கண் சிவந்துவிடுகிறது. முழு முக ஹெல்மெட் வாங்கினால் கண்ணாடியோடு அணிய முடியுமா, கருப்பு வைசர் போட்டுக்கொள்ளலாமா, வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி. பின்னால் உட்கார்ந்து வரும் என் மனைவிக்கும் ஒன்று வாங்க வேண்டும். எங்கள் மகளுக்கு மூன்று வயது. சில நாள்களில் அவளும் எங்களோடு வருவாள்.

பதில் 1: ஜி.பி. ரோடு கடைக்காரர்

வணக்கம் சார். ஹெல்மெட் வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சாலைக்கு முழு முக ஹெல்மெட்டைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அரை ஹெல்மெட் உச்சந்தலையை மட்டுமே மூடுகிறது. வண்டி சறுக்கி முன்பக்கமாக விழுபவர்களுக்குத் தாடையும் பல்லும் மூக்கும்தான் முதலில் தரையில் மோதுகின்றன, அந்த இடத்தில் அரை ஹெல்மெட்டில் ஒன்றுமே கிடையாது. தூசு விஷயத்திலும் அதேதான்: கீழிருந்து வரும் காற்றைத் தடுப்பது தாடைப் பகுதியும், அதன் மீது படிந்து மூடும் வைசரும்தான். ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயம் படும் அபாயம் ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுரை 2008-இல் கூறியது. ஆனால் தலையில் சரியாகப் பொருந்தி, பட்டை மாட்டப்பட்டிருந்தால்தான் ஹெல்மெட் காப்பாற்றும் என்பதைக் கடையில் தினமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் அனுமதி இல்லை. முத்திரையின் மேலே ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும், அதனுடன் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்பதால், கடையில் நின்றபடியே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயர் வரும், பெட்டியில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். நடைபாதையில் குவித்து விற்கும் ஹெல்மெட்டுகளில் டிஓடி என்ற எழுத்துகளைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது அமெரிக்கத் தரம். அங்கே தயாரிப்பாளரே சோதித்துத் தாமே சான்று சொல்லிக்கொள்ளும் முறை அது. இங்கே அந்த எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ஹெல்மெட்டை வாங்கும்போது பலரும் மேல் ஓட்டைத் தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மாகோல் அடுக்கு. மோதும்போது அது நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் சிறிது நேரம் எடுத்து நிற்கும்படி செய்கிறது. அந்தச் சிறு இடைவெளிதான் மூளையைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே ஒரு விபத்தில் அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், அடுத்த விபத்துக்கு உதவாது. மலிவான போலிகளில் இந்த அடுக்கே இருக்காது, வெறும் ஸ்பாஞ்சும் துணியும்தான் இருக்கும். உள் துணியை விலக்கி விரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால் 580 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதில் தொடங்கலாம். புதிய ஹெல்மெட் கன்னத்தைச் சற்று இறுக்கமாகவே பிடிக்க வேண்டும். தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் தனியாகச் சுழலக் கூடாது. பட்டையை மாட்டிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் முன்பக்கமாகக் கழன்று வரக் கூடாது. கால்மணி நேரம் அணிந்தபடி கடையிலேயே நில்லுங்கள். நெற்றியின் நடுவில் மட்டும் வலித்துச் சிவப்புத் தடம் விழுந்தால், உங்கள் தலையின் வடிவத்துக்கு அந்த மாடல் ஒத்துவரவில்லை என்று பொருள். வேறு மாடலைப் பாருங்கள். அதற்காக ஒரு அளவு பெரியதை வாங்கிவிடாதீர்கள். கன்னத்து மெத்தைகள் சில மாதங்களில் தாமாகவே தளர்ந்து இடம் கொடுக்கும்.

பவர் கண்ணாடியைக் கண்டிப்பாகக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதலில் ஹெல்மெட்டை மாட்டி, பிறகு வைசரைத் தூக்கிக் கண்ணாடியின் காம்புகளை மெத்தைக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இடையே நேராக நுழைக்க வேண்டும். சில மாடல்களில் அதற்கென்றே மெத்தையில் பள்ளம் விட்டிருக்கிறார்கள். இதுவும் சிரமமாக இருந்தால், தாடைப் பகுதியை மேலே தூக்கும் வகை ஹெல்மெட் இருக்கிறது. சற்றுக் கனம் கூடுதல், வண்டி ஓடும்போது அந்தத் தாடைப் பகுதியை இறக்கி மூடித்தான் வைத்திருக்க வேண்டும்.

பதில் 2: பெரம்பூர் ஆப்டோமெட்ரிஸ்ட்

ஹெல்மெட்டைப் பற்றி மேலே உள்ளவர் விரிவாகச் சொல்லிவிட்டார். கண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியவை சில உள்ளன.

நீங்கள் அணியும் தானாகக் கருக்கும் கண்ணாடி பெரும்பாலும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் கருக்கும். ஹெல்மெட்டின் வைசர் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனது. அது புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. ஆகவே முழு முக ஹெல்மெட்டுக்கு மாறியதும் உங்கள் கண்ணாடி வழக்கம்போல் கருக்கவில்லை என்று உணர்வீர்கள். கண்ணாடி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாகச் செலவு செய்ய வேண்டாம். கதிரைத் தடுக்கும் வேலையை வைசரே செய்துவிடுகிறது. மிஞ்சி நிற்பது கூச்சம் மட்டும்தான்.

அந்தக் கூச்சத்துக்குக் கருப்பு வைசர் போடுவது இரவு ஷிப்டுக்குப் போகும் உங்களுக்குச் சரிப்படாது. ஐரோப்பாவின் இசிஇ 22 விதியின்படி, 80 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒளியை விடும் வைசரில் பகலில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு இருக்க வேண்டும். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் டிரெய்லரின் பின்பகுதியைக் கருப்பு வைசர் வழியாகக் கண்டறிவது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொருத்தமானது, வெளியே தெளிந்த வைசரும் உள்ளே நெம்புகோலால் இறக்கிக்கொள்ளும் சிறிய கருப்பு வைசரும் உள்ள ஹெல்மெட். மேம்பாலத்தின் அடியில் நுழையும்போதே ஒரு விரலால் அதை ஏற்றிவிடலாம். வாங்கும்போது பவர் கண்ணாடியோடு அதை இறக்கிப் பாருங்கள். சிலருக்கு மூக்கின் மேல் இடிக்கும்.

பவர் லென்ஸ் எதனால் ஆனது என்பதும் முக்கியம். கண்ணாடிக் கல்லால் ஆன லென்ஸ் அடிபட்டால் சில்லு சில்லாகச் சிதறும். இருசக்கர வாகனம் ஓட்டுபவர் அதை அணியவே கூடாது. அடுத்த முறை லென்ஸ் மாற்றும்போது பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ் (இதுவும் எளிதில் உடையாத பிளாஸ்டிக் வகைதான்) என்று கேட்டு வாங்குங்கள். காம்பு மெல்லியதாக, காதின் பின்னால் அதிகம் வளையாமல் நேராக இருந்தால் ஹெல்மெட்டுக்குள் நுழைப்பது எளிது. போலரைஸ்டு லென்ஸ் நீரிலும் தார்ச் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை நன்றாகவே குறைக்கும். ஆனால் சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டர் அதன் வழியே இருண்டு தெரியும், வைசரிலும் வானவில் திட்டுகள் தோன்றும். வெறும் கருப்பு நிறம் பூசிய, புற ஊதாத் தடுப்பு இல்லாத கூலிங் கிளாஸ் இன்னும் மோசமானது, ஏனென்றால் இருட்டுக்குக் கண்மணி விரிந்து, தடுக்கப்படாத கதிர் கூடுதலாக உள்ளே போகிறது. கடற்கரையை ஒட்டி வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்கில் உழைப்பவர்களின் கருவிழியின் மேல் மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்வதற்குப் புற ஊதாக் கதிரும் தூசும் காரணங்கள்.

கண்ணில் துகள் விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சுத்தமான குடிநீரைக் கண்ணில் ஊற்றிக் கண் சிமிட்டுங்கள். அதன் பிறகும் உறுத்தல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பட்டறைகள் நிறைந்த பகுதியில் பறப்பது இரும்புத் துகளாகவும் இருக்கலாம். அது கருவிழியில் ஒட்டிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே சுற்றிலும் துரு வளையம் படியத் தொடங்கும். 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஊசி முனையால் எடுத்துவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் கண்ணைக் காட்டாதீர்கள்.

பதில் 3: தண்டையார்பேட்டை ஸ்கூட்டர்

அண்ணா, உங்கள் வண்டியின் பின்னிருக்கையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அண்ணிக்கு வாங்கும் ஹெல்மெட்டை அண்ணியை அழைத்துப் போய்த்தான் வாங்க வேண்டும். பின்னால் உட்கார்வதற்குத்தானே என்று உங்கள் பழைய அரை ஹெல்மெட்டை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். விழும்போது இருவரும் ஒரே வேகத்தில்தான் விழுகிறீர்கள், பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில் பார்கூட இல்லை. கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் அணிந்தால் அது பின்மண்டையில் உட்காராமல் முன்னால் சரிந்து, கண்ணை மறைக்கும். கழுத்தருகே தாழ்வாகப் பின்னல் போட்டு, அதே பின்னலோடு கடையில் அளவு பார்க்க வேண்டும். துப்பட்டாவோ முந்தானையோ தாடைப் பட்டைக்கு உள்ளே வரக் கூடாது, துணியின் மேல் பட்டை இறுகாது.

குழந்தையைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதியின்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை அணிவிக்க வேண்டும், குழந்தையின் தலைக்கு ஏற்ற ஹெல்மெட்டும் அணிவிக்க வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. பெரியவர்களின் ஹெல்மெட்டை மூன்று வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் அதன் கனத்தைக் கழுத்து தாங்காது. என் சொந்தக் கருத்து, மணலி சாலையில் லாரி ஓடும் நேரத்தில் குழந்தையை வண்டியில் ஏற்றவே வேண்டாம், பஸ்ஸில் போய்விடுங்கள்.

மாதவரம் பயணி

மூவருக்கும் மிக்க நன்றி. உள் வைசர் உள்ள முழு முக ஹெல்மெட்டையே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கடைக்குப் போகிறேன். மகளை வண்டியில் ஏற்றுவதைப் பற்றியும் வீட்டில் பேசுகிறோம். ஒன்று மட்டும் கேட்க விடுபட்டுவிட்டது: இந்தத் தூசில் வைசர் எவ்வளவு நாள் தாங்கும், மழையில் உள்ளே பனி படர்வதற்கு என்ன செய்வது?

பதில் 4: டிரெய்லர் ஓட்டுநர்

தம்பி, நான் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறேன், வீட்டுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். வைசர் எத்தனை நாள் தாங்கும் என்பது அதை எப்படித் துடைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அனல்மின் நிலையச் சாம்பலில் மணல் வகைத் துகள்கள் இருக்கின்றன. சிக்னலில் நின்றுகொண்டு சட்டை நுனியால் உலரத் துடைத்தால் வைசரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். பகலில் அந்தக் கீறல் தெரியாது. இரவில் எதிரே எங்கள் வண்டி ஹைபீமோடு வரும்போது ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடித்து, வைசர் முழுவதும் வெள்ளையாகிவிடும். எங்களுக்கும் உங்களுக்கும் நடுவே குறுக்கே வருகிற ஆள் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிய மாட்டார். ஹைபீம் கூசுகிறது என்று நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு உங்கள் பவர் கண்ணாடியில் விழுந்த கீறலால் இருக்கலாம். அதையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை வைசரின் மேல் சில நிமிடம் போட்டு வையுங்கள், அழுக்கு ஊறி இளகும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, இரண்டு சொட்டு குளியல் ஷாம்பு விட்டுக் கையால் தடவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் அதன் அருகில் வரக் கூடாது. வைசரில் வெடிப்பு விழும், உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் அரித்துவிடும். இதனால்தான் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மூடி மேல் கவிழ்த்து வைக்கக் கூடாது என்கிறோம். தெரு விளக்கைச் சுற்றி வைசரில் நட்சத்திரம் போல் கோடுகள் தெரிய ஆரம்பித்ததும் வைசரை மட்டும் மாற்றிவிடுங்கள். ஹெல்மெட் வாங்கும்போதே அந்த மாடலுக்கு மாற்று வைசர் கிடைக்குமா என்று கேட்டு, கையோடு ஒன்று வாங்கி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூச்சுக் காற்றால் பனி படரும். தாடையில் உள்ள காற்றுத் துளையைத் திறந்துவிட்டு, மெதுவாகப் போகும்போது வைசரை ஒரு படி மட்டும் தூக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். போகிப் புகை மூடும் காலையில் மட்டும் இது போதாது. அன்று வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். சாம்பல் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டால் அதை ஒட்டிப் போகாமல் நான்கு வண்டி தூரம் விட்டுப் பின்தங்குங்கள். எங்கள் லாரியின் பக்கக் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும் இடத்தில் இருந்தால் தூசும் குறைவு, நாங்களும் உங்களைப் பார்ப்போம்.